டேங்க் மேல் ஓர் இடம்

ஒரே வருஷத்தில் என் வீட்டுக்காரர் தன் ராஜ்தூத் மோட்டார் சைக்கிளுக்கு மூன்று தடவை ஹேண்டில் பார் மாற்றினார். அதே வருஷத்தில் நான் ஒரே ஒரு மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுக்கச் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்து போனேன். இதைச் சொல்லிக் காட்டாமல் என்னால் எதையும் ஆரம்பிக்க முடியாது.

அவர் பெயர் அரிகிருஷ்ணன். ஒரு மருந்துக் கம்பெனியில் ரெப். பல்லாவரத்தில் தொடங்கி செங்கல்பட்டு வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டில் போர்டு மாட்டிய டாக்டர்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். சித்திரை வெயிலிலும் டை கட்டிக்கொண்டு, தோல் பையை வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்புவார். நான் தாம்பரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர். என் பெயர் சாமுண்டீஸ்வரி. பெயர் வைத்தவர்கள் ஜாதகம் பார்க்கவில்லை, உன் முகத்தைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்பார் அவர். எங்களுக்கு ஒரே பெண், கிருபா. அப்போது ஒன்றாம் வகுப்பு, என் பள்ளியில்தான்.

பெருங்களத்தூரில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் வாடகை வீடு. காலையில் மூன்று பேரும் ஒரே வண்டியில் புறப்படுவோம். கிருபாவின் இடம் முன்னால், பெட்ரோல் டேங்க் மேல். அப்பாவின் இரண்டு கைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, அப்பாவின் கை மேல் தன் கையை வைத்துக்கொள்வாள். வண்டியைத் தான்தான் ஓட்டுவதாக அவளுக்கு எண்ணம். இடது புறம் திரும்ப வேண்டும் என்றால் அவள் சொன்ன பிறகுதான் அவர் திருப்புவார். பின்னால் நான், சாப்பாட்டுக் கூடையோடு. கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் அப்பனும் மகளும் ஆயிரம் கதை பேசி முடித்திருப்பார்கள்.

ஒரு நாள் கேட் மூடியிருந்தது. நின்றுகொண்டிருந்தபோது அவர் இடது கையை உதறிக்கொண்டே இருந்தார்.

"என்ன?" என்றேன்.

"சுண்டு விரலும் பக்கத்து விரலும் மரத்துப் போச்சு. ரெண்டு நாளாவே இப்படித்தான் இருக்கு."

கேட் திறந்ததும் எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் உறுமின. அவர் கியர் போட்டார். கிளட்ச் கையிலிருந்து நழுவி, வண்டி துள்ளிப் பாய்ந்து, முன்னால் நின்ற கீரைக்காரரின் சைக்கிளில் போய் முட்டியது. கீரைக் கட்டுகள் தண்டவாளத்தில் சிதறின. கிருபா கைதட்டிச் சிரித்தாள். ரெப் வேலை என்பது வண்டிதான். இடது கை போனால் கிளட்ச் போச்சு, கிளட்ச் போனால் வண்டி போச்சு, வண்டி போனால் வேலை போச்சு. இது அவருக்கும் தெரியும். அதனால்தான் அன்று மாலையே பீர்க்கன்காரணையில் சிட்டிபாபுவின் மெக்கானிக் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரிடம் போகவில்லை. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

சிட்டிபாபு வண்டியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், கையைப் பார்க்கவில்லை.

"ஹேண்டிலு தாழ்வா கீது சார். நீ குனிஞ்சிகினு ஓட்டுற. ஒடம்பு வெயிட்டு பூரா மணிக்கட்டுல எறங்குது. அப்பால வெரலு மரக்காம இன்னா பண்ணும்?"

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி அவரை ஏறி உட்காரச் சொன்னான். "கண்ணை மூடிகினு, தோளைத் தளர்த்தி, கையை நீட்டு சார். கை எங்க வந்து நிக்குதோ அதான் உன் ஹைட்டு" என்றான். அவரும் சாமியாடி போலக் கண்ணை மூடிக் கையை நீட்டினார். கை ஹேண்டிலுக்கு நாலு விரற்கடை மேலே அந்தரத்தில் நின்றது. சிட்டிபாபு என்னைப் பார்த்து, "பாத்தீங்களா டீச்சர்?" என்றான். நானும் பார்த்தேன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

உயரமான ஹேண்டில் வந்தது. அதற்கேற்ற நீளத்தில் கேபிள்களும் வந்தன. பார்ப்பதற்கு எருமை மாட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டு போகிறவர் மாதிரி இருந்தார். கிருபாவுக்குத்தான் கொண்டாட்டம். அப்பாவின் கைகளுக்குக் கீழே தனக்கு ஒரு வீடு கிடைத்துவிட்டது என்றாள். ஒரு வாரம் கை சரியாக இருந்தது, அல்லது சரியாக இருப்பதாக அவர் சொன்னார். பிறகு மறுபடியும் கையை உதற ஆரம்பித்தார்.

இந்த ஊரில் கைக்கு வைத்தியம் சொல்ல ஆள் இல்லை, வண்டிக்கு வைத்தியம் சொல்லாத ஆள் இல்லை. எங்கள் தலைமை ஆசிரியர், ஹேண்டில் ரொம்ப ஏறிவிட்டது, ரத்தம் விரலுக்கு ஏற மாட்டேன் என்கிறது என்றார். ரயில்வே கேட்காரர், ஹேண்டிலை ஓட்டுகிறவர் பக்கம் சாய்க்கச் சொன்னார். ஒரு கம்பவுண்டர், கைப்பிடி மெலிசாக இருப்பதுதான் காரணம் என்றார். என் வீட்டுக்காரரும் எல்லார் பேச்சையும் கேட்டுக்கொண்டு வந்து, தடித்த ரப்பர் கைப்பிடியோடு நடுத்தர உயரத்தில் ஒரு ஹேண்டிலைப் போட்டார். இது இரண்டாவது.

"தினம் டாக்டருங்க முன்னாடிதானே நிக்கிறீங்க? ஒருத்தர்கிட்ட கையை நீட்டிக் காட்டினா என்ன?" என்று கேட்டேன்.

"அவங்க எனக்குக் குடுக்கறது ரெண்டு நிமிஷம். அதுல என் கையைக் காட்டிக்கிட்டு இருந்தா மருந்தை எப்பக் காட்டறது? வண்டி ஓட்டறவனுக்கு எல்லாம் வர்றதுதான் சாமு. ஹைட் செட்டாயிட்டா சரியாயிடும்."

அவர் சொன்ன விதத்தில் எனக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை. வலி இல்லை. வீக்கம் இல்லை. ஆனால் இடது கையால் போட வேண்டிய வலது கைச் சட்டைப் பொத்தானை அவரால் போட முடியவில்லை, நான்தான் போட்டுவிட்டேன். காபி டம்ளர் ஒரு தடவை கையிலிருந்து நழுவியது. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது இடது முழங்கைக்குப் பின்னால், கொஞ்சம் மேலே, வெளுத்தாற்போல ஒரு தேமல் இருப்பதைப் பார்த்தேன். வெயிலில் அலைகிற உடம்பு, வேர்வை, தேமல் வராமல் என்ன செய்யும்? என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் முகத்தில் தேமல்தான். அவர் பையிலிருந்த சாம்பிள் களிம்பு ஒன்றை எடுத்து அதன் மேல் தடவினேன்.

"அரிக்குதா?"

"இல்லையே."

"அப்ப நல்லதுதான்" என்றேன். தேமலை ஒரு பக்கமும் விரலை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு இரண்டுக்கும் தனித்தனியாகக் காரணம் கண்டுபிடித்துவிட்டோம். ஒன்றுக்கு வெயில், ஒன்றுக்கு ஹேண்டில்.

தீபாவளி முடிந்த கையோடு ஒரு சாயங்காலம் அவர் வண்டியை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தார். ஹேண்டில் தாழ்ந்து, குட்டையாக, இரும்புக் குழாயைக் குறுக்கே வைத்தது போலிருந்தது. காட்டாங்குளத்தூர் காலேஜ் பையன்கள் இப்படித்தான் போட்டுக்கொண்டு, வண்டி மேல் படுத்துக்கொண்டு பறப்பார்கள். அவர்களுக்குத் தொப்பை இல்லை. இவருக்கு இருந்தது.

"மணிக்கட்டுல வெயிட் எறங்கக் கூடாதுன்னுதானே ஏத்தினீங்க? இப்ப மொத்த ஒடம்பும் அது மேலதான் எறங்கும்."

"காத்து எதிர்க்காது. மைலேஜ் வரும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

கிருபா ஓடி வந்து டேங்க் மேல் ஏறிக்கொண்டாள். அவர் பின்னால் உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்துக் காட்டினார். அவர் மார்பு அவள் முதுகை அழுத்தியது. அவள் முழங்கால் ஹேண்டிலில் இடித்தது. அவர் மோவாய் அவள் உச்சந்தலையில் முட்டியது. அவளுக்கு அங்கே இடமே இல்லை.

"பாத்தியா, நீ பெரிய பொண்ணாயிட்டே. இனிமே முன்னாடி எடமில்லடா" என்றார்.

"பழைய கம்பியை மாட்டுங்கப்பா."

"அது அப்பா கைக்கு ஆகலை."

"அப்ப நான் நடுவுல உட்கார்றேன்."

"மூணு பேர் போனா போலீஸ் பிடிக்கும்" என்றார். அதுவரைக்கும் முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாக மூன்று பேர் போனபோது இல்லாத போலீஸ் அன்று எங்கிருந்து முளைத்தது என்று தெரியவில்லை. மறுநாளிலிருந்து நானும் கிருபாவும் பஸ்ஸில் போனோம். நெரிசலில் என் கூடையும் அவள் பையும் கசங்கும். அவர் எங்களைத் தாண்டிப் போகும்போது, பஸ் ஜன்னலிலிருந்து கிருபா "அப்பா" என்று கூப்பிடுவாள். கம்பியைப் பார்த்துக் குனிந்த தலை நிமிராமல் அவர் போய்விடுவார்.

அது மட்டுமா? முதுகு வலிக்கிறது, கட்டாந்தரைதான் நல்லது என்று முன்னறையில் பாயைப் போட்டுக்கொண்டார். சாப்பிட்ட தட்டையும் டம்ளரையும் தானே கழுவித் தனியாக வைத்தார். கல்யாணமான நாளாக வராத நல்ல புத்தி! கிருபா மடியில் வந்து விழுந்தால், "அப்பா வேர்வையா இருக்கேன், எழுந்திரு" என்று தள்ளிவிட்டார். அவள் எழுந்து போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்வாள். அவள் அழுதிருந்தால் கூட எனக்கு அத்தனை எரிந்திருக்காது.

காலேஜ் பையன் ஹேண்டில், தனிப் படுக்கை, கேட்டதற்கு நேராகப் பதில் இல்லை. எந்தப் பெண்ணும் போடுகிற கணக்கைத்தான் நானும் போட்டேன். ஒரு நாள் அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது நேராகவே கேட்டுவிட்டேன்.

"யாரு அவ?"

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். சிரிப்பு ஆரம்பித்த இடத்திலேயே நின்றுபோனது. கண் கலங்கியிருந்தது.

"போ சாமு. இந்த மூஞ்சிக்கு" என்று சொல்லிவிட்டுப் பாலிஷ் டப்பாவை மூடப் பார்த்தார். இடது கையால் அதைப் பிடிக்க முடியாமல் டப்பா உருண்டு கட்டிலுக்கடியில் போனது. அவர் அதை எடுக்கவில்லை, கிளம்பிப் போய்விட்டார். பெண் விஷயம் இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துபோனது. வேறு என்ன என்று தெரியாமல் இருப்பது அதைவிடக் கொடுமையாக இருந்தது.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம், சுகாதாரத் துறையிலிருந்து ஹில்டா என்று ஒரு அம்மாள் வந்தார். வருஷத்துக்கு ஒரு முறை யாராவது வருவார்கள், பிள்ளைகளின் உடம்பில் தொழுநோய்த் தேமல் இருக்கிறதா என்று பார்க்க. வராந்தாவில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொல்வது என் வேலை. அதிலேயே எனக்குத் தொண்டை கட்டிவிடும்.

தேமல் இருந்த பிள்ளைகளை ஹில்டா தனியாக நிறுத்தினார். ஒவ்வொருவரிடமும், "கண்ணை மூடிக்கோ கண்ணு. நான் எங்க தொடறேனோ அங்க உன் விரலை வை" என்றார். பேனா முனையால் லேசாகத் தொட்டார். பிள்ளைகள் கூச்சத்தில் நெளிந்துகொண்டே சரியான இடத்தில் விரலை வைத்தார்கள். "இது வெறும் தேமல். போ" என்று அனுப்பினார். கண்ணாமூச்சி ஆட்டம் மாதிரிதான் இருந்தது. நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண், தோளில் வெளுப்பாக ஒரு தேமல். அவளும் கண்ணை மூடிக்கொண்டாள். ஹில்டா தொட்டார். அவள் அசையவில்லை. இன்னொரு இடத்தில் தொட்டார். கொஞ்சம் அழுத்தியும் தொட்டார். அந்தப் பெண் கண்ணை இறுக்கி மூடி, சிரித்த முகத்தோடு, எப்போது தொடுவார்கள் என்று காத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் பொறுக்க முடியாமல், "இன்னும் தொடவே இல்லையே மிஸ்?" என்று கேட்டாள்.

ஹில்டா அவள் முழங்கைக்குப் பின்னால் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். "நல்ல வேளை டீச்சர், நரம்பு தடிக்கல. இந்த நரம்புல எறங்கிட்டா சுண்டு விரலும் பக்கத்து விரலும் மரத்துப் போயிடும். அப்புறம் மடங்க ஆரம்பிக்கும்" என்றார் என்னிடம்.

வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டேன். முழங்கை, களிம்பு, அரிக்குதா, இல்லையே, அப்ப நல்லதுதான்.

"பெரியவங்களுக்கு வருமா?" என்று கேட்டேன்.

"யாருக்கு வேணா வரும் டீச்சர். இப்ப நல்ல மாத்திரை இருக்கு, சாப்பிட்டாப் போயிடும். ஆனா லேட்டா வந்தா வியாதிதான் போகும், விரல் திரும்பி வராது." பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். "ஏன் டீச்சர், தெரிஞ்சவங்க யாருக்காவது இருக்கா?"

"நாளைக்கு நீங்க எங்க இருப்பீங்க?" என்றேன். அவர் வேறு எதுவும் கேட்காமல் தன் ஆஸ்பத்திரியையும் நேரத்தையும் சொன்னார்.

பஸ்ஸில் போகும்போது இரும்புலியூர் பக்கம் ஒரு காம்பவுண்டுச் சுவரில், உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயின் அறிகுறி என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. வருஷக்கணக்காக அந்தச் சுவரைத் தாண்டித்தான் போய் வருகிறேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்திருக்கிறேனே தவிர, ஒரு நாளும் அதைப் படித்ததில்லை. கிருபா என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் கை இரண்டையும் விரித்து விரித்துப் பார்த்தேன்.

சாயங்காலம் அவர் வருவதற்குள் கிருபாவைப் பக்கத்து வீட்டில் விளையாட அனுப்பினேன். அவர் வந்து டையை அவிழ்த்தார். வலது கைப் பொத்தானைக் கழற்ற என்னிடம் கையை நீட்டினார். கழற்றினேன்.

"சட்டையையும் கழட்டிட்டு உட்காருங்க."

"எதுக்கு? களிம்பா?"

"கண்ணை மூடுங்க. நான் எங்க தொடறேனோ அங்க உங்க விரலை வைங்க."

அவர் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு எதுவும் கேட்காமல் கண்ணை மூடிக்கொண்டார். பேப்பர் திருத்துகிற சிவப்புப் பேனாவின் மூடியால் வலது தோளில் தொட்டேன். விரலை வைத்தார். வலது முழங்கை. விரலை வைத்தார். இடது முழங்கைக்கு மேலே அந்த வெளுப்பின் நடுவில் தொட்டேன். அவர் காத்துக்கொண்டிருந்தார். அழுத்தினேன். தோலில் பள்ளம் விழுந்தது. அவர் இன்னும் காத்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு மின்சார ரயில் போகும் சத்தம் கேட்டு அடங்கியது.

"தொட்டுட்டியா?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

பேனாவைக் கீழே வைத்தேன்.

"எனக்குத் தெரியும் சாமு" என்றார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

செங்கல்பட்டில் ஒரு டாக்டர் வீட்டு வெயிட்டிங் ரூமில் அவர் வழக்கமாக உட்காரும் பெஞ்சுக்கு எதிரே புதிதாக ஒரு தொழுநோய் விளம்பரப் படம் மாட்டியிருக்கிறார்கள். படத்தில் ஒரு கை, அதில் ஒரு தேமல். தன் கையைத்தான் போட்டோ எடுத்து மாட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தாராம். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று, குண்டூசியால் குத்திப் பார்த்திருக்கிறார். ரத்தம் வந்தது, வலி வரவில்லை.

"எப்போ?"

"தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி."

"அதுக்கப்புறம் எதுக்கு இன்னொரு ஹேண்டிலு? தெரிஞ்சதுக்கு அப்புறமும் எதுக்கு அந்தக் கண்ராவி?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார். பக்கத்து வீட்டிலிருந்து கிருபாவின் குரல் கேட்டது.

"மொத ரெண்டும் சத்தியமா கைக்குத்தான். ஹைட்டுதான் காரணம்னு நெஜமா நம்பினேன். மூணாவது..." என்று நிறுத்தினார். "அவ என் ரெண்டு கைக்கு நடுவுல உட்கார்றா. என் கை மேல கையை வச்சுக்கறா. வேணாம், தொடாதேன்னு அவகிட்ட எப்படிச் சொல்றது? கம்பி எறங்கிடுச்சு, எடமில்லைன்னு சொன்னா அவ கேட்டுக்குவா."

நான் அவரை அடித்தேன். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. தோளிலும் முதுகிலும் கை ஓயும் வரை குத்தினேன். வியாதிக்காக இல்லை. குழந்தையைத் தள்ளிவிட்டதற்காகவும் இல்லை. பாயைத் தனியாகப் போட்டு, தட்டைத் தனியாகக் கழுவி, இத்தனை நாளும் ஒற்றை ஆளாக இதைச் சுமந்துகொண்டு அலைந்தாரே, அந்த ஆத்திரம் எனக்குத் தாங்கவில்லை.

"மருந்து விக்கிறவர்தானே நீங்க? மருந்து இருக்குன்னு தெரியாதா?"

"தெரியும். யார்கிட்டப் போய் வாங்கறது? இந்த ரோட்டுல என்னைத் தெரியாத டாக்டர் யாரு இருக்கா? பையோட உட்கார்ற பெஞ்சுல ஓ.பி. சீட்டோட உட்காரணுமா? கம்பெனிக்குத் தெரிஞ்சா? வீட்டு ஓனருக்குத் தெரிஞ்சா? ஸ்கூல்ல உன்கிட்டப் பிள்ளைங்களை அனுப்புவாங்களா? நாளைக்குக் கிருபாவை..." என்று சொல்லி முடிக்காமல் விட்டார். பிறகு, "ஞாயித்துக்கிழமை திருநீர்மலை கோயிலுக்குப் போய்ட்டு வந்து யோசிப்போமே" என்றார்.

"பெருமாள் அங்கேயேதான் படுத்திருப்பார், எங்கேயும் போயிட மாட்டார். உங்க விரல்தான் போயிடும். நாளைக்குக் காலையில கிளம்பறோம்" என்றேன்.

அந்த அசிங்கம் பிடித்த ஹேண்டிலோடுதான் போனோம். நான் பின்னால் உட்கார்ந்து அவர் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஹில்டா எங்களை உள்ளே கூட்டிப்போய் ஒரு லேடி டாக்டரிடம் விட்டார். டாக்டரம்மா முழங்கை நரம்பைத் தடவினார். ஒரு காகிதத்தைக் கிழித்து, இடது கைச் சுண்டு விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் வைத்து, "விடாமப் பிடிங்க" என்றார். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். நெற்றியில் நரம்பு புடைத்தது. டாக்டரம்மா இரண்டு விரலால் காகிதத்தை இழுத்தார். வெண்ணெயிலிருந்து முடியை எடுப்பது போல அது வந்துவிட்டது.

"எத்தனை மாசமா இப்படி?"

அவர் பதில் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டார். "டாக்டர், குழந்தையைத் தூக்கலாமா?"

"தாராளமா. உங்களுக்கு வந்திருக்கறது ஒட்டற வகையே இல்ல." டாக்டரம்மா எழுதிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "ஏன், இவ்வளவு நாள் தூக்கலையா?"

அவர் குனிந்துகொண்டார். தொட்டால் ஒட்டாத ஒன்றுக்காகத் தீபாவளியிலிருந்து பொங்கல் வரை ஒரு குழந்தை மூலையில் உட்கார்ந்திருந்தது என்பதை ஒரு டாக்டரிடம் எந்த வாயால் சொல்வது?

ஆறு மாதம் மாத்திரை என்றார். நரம்புக்கு வேறு மருந்து, விரலுக்குப் பயிற்சி. இதற்கு மேல் போகாமல் நிறுத்திவிடலாம், போனது திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். கிருபாவையும் கூட்டிப் போய்க் காட்டினோம். அவள் உடம்பில் ஒன்றும் இல்லை. பேனா தொட்ட இடமெல்லாம் கிச்சுக்கிச்சு மூட்டியது போலச் சிரித்தாள். அப்போதுதான் நான் அழுதேன். யாரிடமும் நாங்கள் சொல்லவில்லை. அவர் பயந்த பயம் பொய் என்று சொல்ல எனக்கும் தைரியம் இல்லை.

மாத்திரை முடிந்த மாதத்தில், ஒரு சனிக்கிழமை சிட்டிபாபு கடைக்கு மூன்று பேருமாகப் போனோம். வண்டி வாங்கும்போதே அதோடு வந்த பழைய ஹேண்டில் அவன் பரணில்தான் கிடந்தது. அதைத் தட்டித் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"இன்னா சார், மறுபடி இதானா? இதுக்கா இம்மா நாளு பேஜாரு?"

மாட்டுவதற்கு முன்னால் பழையபடியே அவரை உட்கார வைத்தான். கண்ணை மூடிக் கையை நீட்டச் சொன்னான். கை வந்து நின்ற இடம் அந்தப் பழைய ஹேண்டிலின் உயரம்தான். "பாரு சார், மொதல்லயே இதான் உன் ஹைட்டு" என்றான், ஏதோ நாங்கள்தான் அவன் பேச்சைக் கேட்காமல் கெட்டுப்போனது போல.

"போன வருஷம் இதே கை நாலு விரற்கடை மேல நின்னுதே?" என்று விட்டுக்கொடுக்காமல் கேட்டேன்.

"அப்போ சாரு ஒடம்ப வெறைச்சிகினு இருந்தாரு டீச்சர்."

சண்டை போடலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. மூன்று விரலால் அழுத்த வசதியாகக் கிளட்ச் பிடியை மட்டும் உள்பக்கமாக வளைத்துத் தரச் சொன்னார் அவர். பழைய அடி என்று சொல்லிவைத்தார். சிட்டிபாபுவும் நோண்டிக் கேட்கவில்லை.

கிருபா கொஞ்சம் வளர்ந்திருந்தாள். இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். டேங்க்குக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு ஏறாமல் அப்பாவின் முகத்தையே பார்த்தாள். எத்தனை தடவை தள்ளிவிட்டிருக்கிறார், நினைவிருக்காதா? அவர் இரண்டு கையாலும் அவளைத் தூக்கி மேலே உட்கார வைத்தார். அவள் நெளிந்து நெளிந்து தன் பழைய இடத்தைக் கண்டுபிடித்தாள். முழங்கால் இடிக்கவில்லை. தலையில் மோவாய் முட்டவில்லை. அவர் இரண்டு கைக்கும் நடுவில் அவள் அளவுக்கு இடம் இருந்தது.

நான் பின்னால் ஏறிக்கொண்டேன். ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்தோம். லாரி ஒன்று தாண்டிப் போனது. அவர் இடது கையில் அந்த இரண்டு விரல்கள் மட்டும் கைப்பிடியைப் பிடிக்காமல் வளைந்து வெளியே நின்றன.

"அப்பா, இந்த ரெண்டு விரலும் பிடிக்கவே இல்ல" என்றாள் கிருபா. இரண்டையும் எடுத்து ஒவ்வொன்றாகக் கைப்பிடி மேல் மடக்கி வைத்து, அவை மறுபடி எழாமல் இருக்கத் தன் உள்ளங்கையால் மூடி அழுத்திக்கொண்டாள். "இப்ப சரியா?" என்று கேட்டாள்.

அவள் கை தன் விரல் மேல் இருப்பது அவருக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். நிமிர்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் குனிந்து பார்த்தார், அந்தக் கை இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று. பெருங்களத்தூர் வருவதற்குள் எத்தனை தடவை அப்படிப் பார்த்தாரோ.

"ரோட்டைப் பாருங்க" என்று அதட்டினேன். "கை அங்கேயேதான் இருக்கு. நான் பார்த்துக்கறேன்."